லோஷன் பாட்டிலின் பின்பக்கம் ஒரு பெயர்: ஃபீனாக்ஸிஎத்தனால்

கைக்குழந்தைகளுக்கென்று விற்கப்படும் லோஷன், கிரீம், வைப்ஸ் ஆகியவற்றில் எதைப் பின்பக்கம் திருப்பினாலும், உட்பொருள் பட்டியலின் கடைசி வரிகளில் பல நேரம் ஒரு பெயர் கண்ணில் படும்: ஃபீனாக்ஸிஎத்தனால். கிருமி வளர்ந்து கெட்டுப்போகாமல் காக்கச் சேர்க்கும் பொருள் இது. தண்ணீர், கிளிசரின், எண்ணெய் என்று தெரிந்த பெயர்களைத் தாண்டி வரும்போது இது மட்டும் உறுத்தும். இணையத்தில் தேடினால் பயம் இன்னும் கூடும். ஒருவர் இதை நரம்பைப் பாதிக்கும் நஞ்சு என்கிறார், இன்னொருவர் முழுப் பாதுகாப்பானது என்கிறார். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது, தூக்கமில்லாத அப்பாவும் அம்மாவும்.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்த புதிதில் அவளும் இதைத்தான் கேட்டாள். "அக்கா, நீ இந்த வேலையிலதானே இருக்க. போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு." எனக்கு ஒரே வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. அவளிடம் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து, இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. நான் குழந்தை மருத்துவர் இல்லை. அழகுசாதனப் பொருட்களில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பிரச்சினை கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

முதலில், இந்தப் பொருள் ஏன் அங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். லோஷன் என்பதில் பெரும்பங்கு தண்ணீர்தான். தண்ணீரும் எண்ணெயும் பிரியாமல் கலந்திருக்க ஒரு பொருள், ஈரத்தைப் பிடித்துவைக்க ஒரு பொருள், மணத்துக்கு ஒன்று என்று சேர்த்தால் லோஷன் தயார். கிருமிகளுக்கும் அதுவே போதும். ஈரம் இருக்கிறது, உணவு இருக்கிறது, அறை வெப்பம் இருக்கிறது. ஆலையில் எவ்வளவு சுத்தமாகத் தயாரித்தாலும், வீட்டில் மூடியைத் திறந்து விரலை விட்ட நிமிடத்திலிருந்து உள்ளே ஏதாவது போய்க்கொண்டேதான் இருக்கும். குழந்தையின் டயப்பரை மாற்றிக்கொண்டிருக்கும் கையால் எடுக்கிற டப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் செய்யும் முக்கியமான சோதனை ஒன்று உண்டு. தயாரான லோஷனுக்குள் வேண்டுமென்றே கிருமிகளைக் கலப்போம். சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை என்று மூன்று பாக்டீரியாக்கள், கேண்டிடா என்ற ஈஸ்ட், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. இவற்றை லட்சக்கணக்கில் விட்டு, குறிப்பிட்ட நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று 28 நாள்வரை எண்ணுவோம். சரியான பாதுகாப்பு இருக்கும் லோஷனில் எண்ணிக்கை மளமளவென்று சரியும். பாதுகாப்பு போதாத லோஷனில் முதலில் கொஞ்சம் குறையும், அப்புறம் மெல்ல ஏறும். தட்டில் வளர்ந்திருக்கும் பச்சை நிறச் சூடோமோனாஸைப் பார்த்தவர்களுக்கு, "கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படாதது" என்று பெருமையாக அச்சிட்ட தண்ணீர் லோஷன் மேல் ஆசை வராது. லோஷன் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நிறம் மாறாது, வாடை வராது. கிருமி மட்டும் பெருகியிருக்கும்.

சர்வதேசத் தரமும் இந்த விஷயத்தில் குழந்தைகளைத் தனியாகவே பார்க்கிறது. 2014இல் வந்த ஐஎஸ்ஓ 17516 தரத்தின்படி, பெரியவர்கள் பூசும் சாதாரணப் பொருளில் ஒரு கிராமுக்கு 1000 கிருமிகள் வரை இருக்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொருளிலும் கண்ணைச் சுற்றிப் பூசுவதிலும் 100தான். சூடோமோனாஸ் போன்ற நோய்க்கிருமிகள் ஒரு கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தண்ணீர் கலந்த ஒரு பொருளை மாதக்கணக்கில் இந்த எல்லைக்குள் வைத்திருக்க ஏதாவது ஒரு பிரிசர்வேட்டிவ், அதாவது கெடாமல் காக்கும் பொருள், வேண்டும். எந்தப் பிரிசர்வேட்டிவ், எவ்வளவு, குழந்தையின் உடம்பில் எந்த இடத்தில் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஃபீனாக்ஸிஎத்தனால் நிறமற்ற, கொஞ்சம் எண்ணெய்ப் பசையுள்ள திரவம். லேசான ரோஜா வாசனை இருக்கும். கிருமியின் வெளிச்சவ்வைக் குலைத்துத் தன் வேலையைச் செய்யும். சூடோமோனாஸ் போன்றவற்றிடம் நன்றாக வேலை செய்யும், பூஞ்சையிடம் கொஞ்சம் திணறும். அதனால்தான் பட்டியலில் இதற்குப் பக்கத்தில் எத்தில்ஹெக்ஸைல்கிளிசரின் என்ற துணையைப் பல நேரம் பார்க்கலாம். பென்சோயேட், சோர்பேட் போன்ற வேறு பிரிசர்வேட்டிவ்கள் புளிப்புத் தன்மையுள்ள கலவையில்தான் வேலை செய்யும், இதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வாமை தருவதும் அரிது. தயாரிப்பாளர்கள் இதை விரும்புவதற்கு இவையெல்லாம் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஜப்பானிலும் இதற்கு உச்சவரம்பு 1 சதவீதம்.

பெரியவர்களைப் பொறுத்தவரை விஷயம் இத்தோடு முடிந்துவிடும். கைக்குழந்தை என்று வரும்போது கணக்கு மாறுகிறது.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தோல் காகிதம்போல எதையும் உள்ளே விட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. பிறக்கும்போதே அந்தத் தோல் தடுப்பு வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது, முதல் ஆண்டு முழுக்க முதிர்ந்துகொண்டே போகிறது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு மிகவும் அதிகம். பெரியவர்களைவிடப் பிறந்த குழந்தைக்கு இந்த விகிதம் 2.3 மடங்கு, ஆறு மாதத்தில் 1.8 மடங்கு, ஒரு வயதில் 1.6 மடங்கு. உடம்பு முழுக்கப் பூசும்போது ஒவ்வொரு கிலோ எடைக்கும் போய்ச் சேரக்கூடிய அளவு இதனால் கூடிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1 சதவீதம் ஃபீனாக்ஸிஎத்தனால் உள்ள லோஷனை நாளுக்கு 8 கிராம் பூசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 மில்லிகிராம் இருக்கும், கிலோவுக்கு சுமார் 1.3 மில்லிகிராம். 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே லோஷனில் பாதியளவு, 4 கிராம் பூசினால் 40 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 8 மில்லிகிராம். பூசியதெல்லாம் உள்ளே போகாது, அது தனி விஷயம். ஆனால் தாராளமாகப் பூசும் கை எந்த அளவுக்கு வித்தியாசம் உண்டாக்குகிறது என்று இதிலேயே தெரியும். இதனால்தான் என் தங்கையிடம் பிராண்டைக் கேட்கும் முன்பே "எவ்வளவு பூசுற, எத்தனை தடவை பூசுற?" என்று கேட்டேன்.

டயப்பருக்குள் இருக்கும் தோல் இன்னும் தனி. அங்கே எப்போதும் ஈரம். சிறுநீரும் மலமும் சேரும்போது அந்த இடத்தின் அமிலத்தன்மை குறைந்து, மலத்தில் உள்ள நொதிகள் தோலை அரிக்க ஆரம்பிக்கும். மேலே டயப்பர் மூடியிருப்பதால் பூசிய எதுவும் காற்றில் உலர்ந்து போகாது. சிவந்து, உரிந்து, புண்ணாகிப்போன இடத்தில் தோலின் தடுப்புச் சக்தி குறைந்திருக்கும். நாம் அதிகமாக வைப்ஸ் போட்டுத் துடைப்பதும், கிரீமை அப்புவதும் அதே இடத்தில்தான். ஒழுங்குமுறை அமைப்புகளின் கவலை ஏன் திரும்பத் திரும்ப இந்த ஒரு இடத்திலேயே வந்து நிற்கிறது என்றால், காரணம் இதுதான்.

அப்புறம் கல்லீரல். உள்ளே போன வேதிப்பொருளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் சில, பிறந்த குழந்தைக்கு முழு வேகத்தில் இருக்காது. 1982இல் அமெரிக்காவில் தெரியவந்த ஒரு துயரம் இதற்குச் சாட்சி. குறைமாதக் குழந்தைகளின் ரத்தக்குழாயில் செருகிய மெல்லிய குழாய்களைக் கழுவப் பயன்படுத்திய உப்புநீரில், கெடாமல் இருக்க பென்சைல் ஆல்கஹால் சேர்க்கப்பட்டிருந்தது. பெரியவர்களுக்கு அந்த அளவு ஒன்றுமே இல்லை. அந்தச் சின்ன உடம்புகளால் அதை மாற்றி வெளியேற்ற முடியவில்லை. ரத்தம் அமிலமாகி, மூச்சுத் திணறி 16 குழந்தைகள் இறந்தன. அது தோலில் பூசியது அல்ல, நேராக ரத்தத்தில் போனது. தோல் வழியாகவும் நடந்திருக்கிறது. 1972இல் பிரான்ஸில், தயாரிப்பில் நேர்ந்த கலப்படத் தவறால் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி 6 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்ட குழந்தைப் பவுடரால் 36 குழந்தைகள் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு இறந்தன. இப்போதைய லோஷன்கள் அப்படிப்பட்டவை என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, குழந்தைக்கு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது" என்ற வாதம் செல்லாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஃபீனாக்ஸிஎத்தனாலை உடம்பு என்ன செய்கிறது என்று குறைமாதக் குழந்தைகளிடமே பார்த்திருக்கிறார்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 23 முதல் 26 வாரத்தில் பிறந்த குழந்தைகளின் தோலைச் சுத்தம் செய்ய 2 சதவீதம் ஃபீனாக்ஸிஎத்தனால் கலந்த கிருமிநாசினியைப் பயன்படுத்தினார்கள். அது தோல் வழியாக உள்ளே போனது. ஆனால் அந்தச் சின்ன உடம்புகளே அதில் பெரும்பகுதியை ஃபீனாக்ஸிஅசிட்டிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிட்டன. இந்த முடிவில் ஆறுதல், எச்சரிக்கை இரண்டுமே உண்டு. பென்சைல் ஆல்கஹாலைப்போல இது உடம்பில் தேங்கி நிற்பதில்லை என்பது ஆறுதல். முதிராத தோல் வழியாக உள்ளே போவது உண்மை என்பது எச்சரிக்கை.

சரி, அந்த "நரம்பு நஞ்சு" பேச்சு எங்கிருந்து வந்தது? 2008 மே மாதம் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. பாலூட்டும் தாய்மார் மார்புக் காம்பில் பூசும் ஒரு கிரீமில் ஃபீனாக்ஸிஎத்தனாலும் குளோர்ஃபெனசின் என்ற இன்னொரு பொருளும் இருந்தன. பால் குடிக்கும் குழந்தை அதை விழுங்க நேரிடும். ஃபீனாக்ஸிஎத்தனால் மைய நரம்பு மண்டலத்தை மந்தமாக்கலாம், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடலில் நீர் குறையலாம் என்றது அந்த எச்சரிக்கை. கவனிக்க வேண்டியது, அது வாய்வழியாகப் போவதைப் பற்றியது. காலில் பூசும் லோஷனைப் பற்றியது அல்ல. அந்த ஒரு எச்சரிக்கையை வெட்டி எடுத்து எல்லா லோஷன் மீதும் ஒட்டிவிட்டார்கள். அதேசமயம் அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் மாட்டேன். குழந்தை எதையும் வாயில் வைக்கும். கையில் பூசிய லோஷன் பத்து நிமிடத்தில் வாய்க்குள் இருக்கும். பாலூட்டும் தாய் காம்பில் எதையாவது பூச வேண்டியிருந்தால் இந்தப் பொருள் இல்லாததாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. குழந்தையின் விரல், கன்னம், வாயைச் சுற்றிய இடங்களில் லோஷனே வேண்டாம்.

அடுத்து பிரான்ஸ். அந்த நாட்டின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2012இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பிட்டப் பகுதிக்கான பொருட்களில் ஃபீனாக்ஸிஎத்தனாலே வேண்டாம், அவர்களுக்கான மற்ற பொருட்களில் 0.4 சதவீதம் போதும் என்றது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு எல்லாத் தரவுகளையும் மறுபடி அலசி, எல்லா வயதினருக்கும் 1 சதவீதம் வரை பாதுகாப்பானதே என்று சொன்னது. பிரான்ஸ் அதற்குப் பிறகும் ஒப்பவில்லை. கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் பொருட்களில் இது இருந்தால், மூன்று வயது வரையிலான குழந்தைகளின் பிட்டப் பகுதியில் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட வேண்டும் என 2019 மார்ச்சில் உத்தரவு போட்டது.

யார் சொல்வது சரி என்று தங்கை கேட்டாள். ஒரு பக்கம் அறிவியல், மறுபக்கம் வதந்தி என்று இதைப் பிரிக்க முடியாது. இரண்டு பக்கமும் நிபுணர்கள்தான். விலங்குகளுக்குக் கொடுத்தபோது பாதிப்பு எதுவும் தெரியாத அதிகபட்ச அளவையும், குழந்தையின் உடம்பில் சேரக்கூடிய அளவையும் ஒப்பிட்டு, இடையில் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அந்த இடைவெளி போதும் என்பது ஒரு பக்கம், புண்ணான தோலுக்கு இன்னும் வேண்டும் என்பது மறுபக்கம். என் சொந்த முடிவு இது: கை, கால், முதுகில் எப்போதாவது கொஞ்சம் பூசும் லோஷனில் இது இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். டயப்பர் பகுதியைப் பொறுத்தவரை பிரான்ஸ் பக்கம் நிற்பேன். அங்கே இது இல்லாமலே காரியம் நடக்கும் என்னும்போது, இருக்கும் சின்னச் சந்தேகத்தை ஏன் சுமக்க வேண்டும்?

இங்கே தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு வகை போலியோ ஊசிமருந்தில் 0.5 சதவீதம் ஃபீனாக்ஸிஎத்தனால் உண்டு என்று யாரோ என் தங்கையிடம் சொல்ல, அவள் கலங்கிவிட்டாள். உண்டுதான். அரை மில்லி மருந்தில் அது 2.5 மில்லிகிராம். குழந்தைப் பருவத்தில் சில தடவை மட்டும் போடுவது. மேலே போட்ட லோஷன் கணக்கில் ஒரே நாளில் 40 மில்லிகிராம் வந்ததை நினைத்துப் பாருங்கள். இதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது குழந்தையை உண்மையான ஆபத்தில் விடுவதாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் வேறு. "இது இல்லாதது", "அது இல்லாதது" என்று அட்டையில் அச்சிட்டு விற்பதைச் சொல்கிறேன். இதன் வரலாறு தெரிந்தால் உங்களுக்கும் கோபம் வரும்.

2004இல் ஒரு சிறிய ஆய்வு, மார்பகப் புற்றுக் கட்டிகளின் திசுக்களில் பாரபென் என்ற பிரிசர்வேட்டிவ் இருப்பதாகக் காட்டியது. 20 கட்டிகளைப் பார்த்த ஆய்வு அது. புற்று இல்லாத திசுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, பாரபென்தான் புற்றுக்குக் காரணம் என்று சொல்லவும் இல்லை. ஆனால் செய்தி பரவியது, மக்கள் பயந்தார்கள், நிறுவனங்கள் பாரபெனைக் கைவிட்டு "பாரபென் இல்லாதது" என்று அச்சிட ஆரம்பித்தன. அந்த இடத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே. அப்படி வந்தவற்றில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். ஐரோப்பாவில் 2005இல் இதைத் தனியாகச் சேர்க்க அனுமதி கிடைத்தது, வரம்பு 0.01 சதவீதம். மிகக் குறைந்த அளவே போதும், கிருமிகளை நன்றாகக் கொல்லும். வைப்ஸில் அது வேகமாக இடம்பிடித்தது.

அடுத்த சில ஆண்டுகளில் தோல் மருத்துவர்களிடம் ஒவ்வாமையோடு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக அதிகரித்தார்கள். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று இதையே அறிவித்தது. 2014இல் ஆறு குழந்தைகளைப் பற்றிய ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. வாயைச் சுற்றியும் பிட்டத்திலும் ஆறாத தடிப்பு. எக்ஸிமா (வறண்டு அரிக்கும் தோல் அழற்சி) என்றும் கிருமித் தொற்று என்றும் நினைத்து விதவிதமான மருந்து பூசியிருக்கிறார்கள். வைப்ஸை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. வாயையும் பிட்டத்தையும் துடைத்த அந்த வைப்ஸில் இருந்தது மெத்தில்ஐசோதயசோலினோன். கழுவாமல் விடும் பொருட்களில் ஐரோப்பா இதை 2017இல் முழுவதுமாகத் தடைசெய்தது. அதே அமெரிக்கச் சங்கம் 2019இல், பாரபென் ஒவ்வாமை மிகவும் குறைவாகத் தருவதைச் சுட்டிக்காட்ட, அதை அந்த ஆண்டின் "ஒவ்வாமை தராத பொருள்" என்று தேர்ந்தெடுத்தது.

பாரபென் எல்லாமே குழந்தைக்கு நல்லவை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. புரோப்பைல், பியூட்டைல் வகைகள் ஹார்மோன்போல லேசாகச் செயல்படுவதால் டென்மார்க் 2011இல் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொருட்களில் அவற்றைத் தடுத்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் டயப்பர் பகுதியில், முதிராத உடலும் புண்ணாகக்கூடிய தோலும் சேர்வதால் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது என ஐரோப்பிய அறிவியல் குழுவும் அந்த ஆண்டே ஒப்புக்கொண்டது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான விதியும் வந்தது: மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் டயப்பர் பகுதிக்கான, கழுவாமல் விடும் பொருட்களில் இந்த இரண்டும் கூடாது. பாருங்கள், மறுபடியும் அதே இடம்தான். நிதானமாக இடத்தையும் வயதையும் அளவையும் பார்த்து எடுத்த முடிவு இது. "பாரபென் இல்லாதது" என்ற அட்டை வாசகத்தால் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. தெரிந்த பொருளை எடுத்துவிட்டு, பழக்கமில்லாத பொருளைக் குழந்தையின் தோலில் வைக்க அது வழி திறந்துவிட்டது.

"இயற்கையான பிரிசர்வேட்டிவ்" என்பதும் கிட்டத்தட்ட இதே கதை. கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு கிருமிகளைக் கொல்கிறது என்று விற்றார்கள். 1999இல் ஓர் ஆய்வுக்குழு அப்படிப்பட்ட ஆறு சாறுகளைச் சோதித்தபோது, கிருமிகளைக் கொன்றவை ஐந்து. அந்த ஐந்திலும் பென்சித்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. அது இல்லாத ஆறாவது சாறு கிருமிகளை ஒன்றும் செய்யவில்லை.

இப்போது அடிப்படையான கேள்விக்கு வருகிறேன். நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த, தோலில் எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தைக்கு லோஷன் தேவையா? இதைக் கேட்காமல் எந்த லோஷன் என்று மட்டும் விவாதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தினமும் ஈரப்பசை பூசினால் எக்ஸிமா வராமல் தடுக்கலாம் என்று 2014இல் வந்த இரண்டு சிறிய ஆய்வுகள் நம்பிக்கை கொடுத்தன. அதைப் பெரிய அளவில் பிரிட்டனில் 1394 குழந்தைகளிடம் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆண்டு முழுக்கத் தினமும் பூசிய குழந்தைகளில் இரண்டு வயதில் எக்ஸிமா இருந்தது 23 சதவீதத்தினருக்கு, அப்படிப் பூசாதவர்களில் 25 சதவீதத்தினருக்கு. பயன் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. பூசிய குழந்தைகளுக்குத் தோல் தொற்று கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது. ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைக்குத் தோல் பிரச்சினை வராமல் இருக்க வழக்கமாக எதையும் பூச வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2022இல் சொல்லிவிட்டது.

இதைக் கேட்டதும் தங்கை, "அப்ப தோல் வறண்டு உரியுதே அக்கா?" என்றாள். பிறந்த முதல் வாரங்களில் உரிவது இயல்பு. கருப்பையில் நீருக்குள் இருந்த தோல் காற்றுக்குப் பழகுகிறது. தானாக நின்றுவிடும். அதற்கு மேலும் வறட்சி இருந்து, சுருக்கங்களில் வெடிப்பு வந்தால் ஏதாவது பூசத்தான் வேண்டும். அப்போது தண்ணீரே இல்லாத பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். பெட்ரோலியம் ஜெல்லி ஒரு நல்ல உதாரணம். தண்ணீர் இல்லாததால் கிருமி வளர வழியில்லை, வளர வழியில்லாததால் பிரிசர்வேட்டிவ் தேவையில்லை. மணம் சேர்க்காததாக, மருந்தகத் தரத்தில் வாங்கினால் போதும். டயப்பர் பகுதிக்கும் இதுவோ, துத்தநாக ஆக்ஸைடு கலந்த கெட்டியான களிம்போ சரியாக இருக்கும். களிம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பட்டியலில் முதல் சில பெயர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக்கை, அழுக்குக்கை டப்பாவுக்குள் போகக் கூடாது. டியூபில் வருவது இன்னும் நல்லது.

எக்ஸிமா உறுதியான குழந்தைக்கு நான் மேலே சொன்னது பொருந்தாது. அவர்களுக்கு ஈரப்பசை சிகிச்சையின் ஒரு பகுதி, நிறையப் பூச வேண்டியிருக்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்த கிரீமில் ஃபீனாக்ஸிஎத்தனால் இருப்பதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். வறண்டு வெடித்த தோலால் வரும் கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தது. வேண்டுமானால் தண்ணீர் இல்லாத களிம்புக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். குறைமாதக் குழந்தை என்றால், மருத்துவரைக் கேட்காமல் எதையுமே பூச வேண்டாம்.

வைப்ஸ் விஷயத்தில், வீட்டில் இருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் போதும். வெளியே போகும்போது வைப்ஸ் இல்லாமல் முடியாது, அதை நான் நன்றாக அறிவேன். துடைத்த பிறகு அந்த ஈரத்தோடு உடனே டயப்பரை மூடாமல் கொஞ்சம் காற்றாட விடுங்கள். தோல் புண்ணாகியிருக்கும் நாட்களில் மட்டுமாவது தண்ணீருக்கு மாறுங்கள். தடிப்பு இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தாலோ எந்தக் கிரீம் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உட்பொருள் பட்டியலைப் படிப்பதில் எங்கள் துறைக்காரர்கள் கையாளும் ஒரு வழி உண்டு. பட்டியல் அளவின் இறங்குவரிசையில் இருக்கும், 1 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் இருப்பவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். ஃபீனாக்ஸிஎத்தனாலின் வரம்பே 1 சதவீதம் என்பதால், அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கம் பெரிதாகப் படம் போட்ட பூச்சாறு அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தால், அது எவ்வளவு என்று புரிந்துவிடும். மணம் சேர்த்திருப்பதும் அங்கேதான் தெரியும். ஒவ்வாமை என்று பார்த்தால் ஃபீனாக்ஸிஎத்தனாலைவிட அந்த மணத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். கைக்குழந்தைக்கான பொருளில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

ஆனால் அந்தப் பட்டியல் ஒன்றை மட்டும் சொல்வதில்லை. லோஷனில் ஃபீனாக்ஸிஎத்தனால் 1 சதவீதமா, 0.4 சதவீதமா என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரான்ஸும் ஐரோப்பியக் குழுவும் வாதிட்டதே இந்த எண்களைப் பற்றித்தான். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொருட்களிலாவது, பிரிசர்வேட்டிவ் பெயருக்குப் பக்கத்தில் அதன் சதவீதத்தை அச்சிட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். தயாரிப்பாளரின் கோப்பில் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது, பரிசோதனைக் கூடத்துக்கு வரும் மாதிரியோடு அதையும் எழுதி அனுப்புகிறார்கள். அதுவரை நீங்களே கேட்கலாம். பாட்டிலில் இருக்கும் நுகர்வோர் முகவரிக்கு, உற்பத்தித் தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு கேள்வி எழுதுங்கள்: இதில் ஃபீனாக்ஸிஎத்தனால் எத்தனை சதவீதம், டயப்பர் பகுதியில் பயன்படுத்தலாம் என்று மதிப்பிட்டிருக்கிறீர்களா? நேரான பதில் தராத நிறுவனத்தின் பொருளை என் தங்கை இப்போது வாங்குவதில்லை.